நஞ்சுக்கொடி

தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் இணைக்கும் உறுப்புக்குப் பள்ளிப் பாடநூல்களில் ‘தாய்சேய் இணைப்புத்திசு’ என்று பெயர். பாடநூல் எழுதியவர்களின் சிரத்தையை மதிக்கிறேன். ஆயினும் பிரசவம் பார்த்த எந்தக் கிழவியும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அது ‘நஞ்சு’. அதிலிருந்து நீளும் கொடி நஞ்சுக்கொடி. “பிள்ளை விழுந்துட்டுது, நஞ்சு இன்னும் விழலை” என்று அறைக்கு வெளியே நிற்பவர்களுக்குக் குரல் வரும். முழுவதும் வெளியே வந்துவிழாமல் உள்ளேயே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு உலை வைக்கும் பொருள் என்பதால் இப்பெயர் பெற்றிருக்கலாம் என்பது என் ஊகம். முதுகலை வகுப்பில் சொற்பொருள் மாற்றம் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம். பிள்ளைக்குச் சோறூட்டும் உறுப்புக்கு நஞ்சென்று பெயர் வைத்த மொழி நம்முடையது என்றதும் மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகம் அவ்வுறுப்பை ஓர் அரண் என்றே பெரிதும் நம்பியிருந்தது. தாய் எதை உண்டாலும், எதை முகர்ந்தாலும், தீயதைத் தடுத்து நல்லதை மட்டும் பிள்ளைக்கு அனுப்பிவைக்கும் காவற்காரன். அந்த நம்பிக்கையைத் தகர்த்தவை இரண்டு பெருந்துயரங்கள். 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மாத்திரை மசக்கைக்கு நல்லதென்று கொடுக்கப்பட்டு, 1961-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைக் கைகால்களோடு பிறந்தன. ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவின் வழி கடலில் கலந்த பாதரசம் மீனேறி, மீன் தின்ற தாயரின் வயிற்றுக்குள் புகுந்தது. நோய் 1956-இல் வெளியே தெரிந்தது. பிறவியிலேயே அது தாக்கும் என்பது 1962-இல்தான் ஏற்கப்பட்டது. தாய்க்குப் பெரிய தொல்லை ஏதும் தெரியாதிருக்க, பிள்ளை தலை நிமிர்த்த மாட்டாமல் கிடந்த வீடுகள் அங்கே உண்டு. தாயின் உடம்பிலிருந்த நஞ்சைப் பிள்ளை வாங்கிக்கொண்டது என்று அவ்வூர்த் தாயர் சிலர் எண்ணியதாகப் படித்திருக்கிறேன். அதைப் படித்த இரவு நான் வேறெதுவும் படிக்கவில்லை.

இவையெல்லாம் இப்போது எனக்கு ஏன் நினைவுக்கு வருகின்றன என்றால், சென்ற ஆடி மாதம் முதல் என் தங்கை எங்கள் வீட்டில் இருக்கிறாள். முப்பத்தாறு வயது. மணமாகிப் பதினொரு ஆண்டுகள். இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்து, இது மூன்றாவது கரு. படுக்கையில் இரு என்று மருத்துவர் சொல்லவில்லை, அவளாகவே படுத்துக்கொண்டாள். படுத்தபடியே கைபேசியில் படிக்கத் தொடங்கினாள். ஃபினாயில், ஆசிட், கொசுவர்த்தி, அந்துருண்டை, எறும்புச் சாக்கட்டி, தலைச்சாயம், நகப்பூச்சு, ஊதுவத்தி என்று எங்கள் வீட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு பகைவன் எழுந்துவந்தான். “அக்கா, இந்த வீட்டுல மூச்சு விடக்கூட எடம் இல்ல போலிருக்கே” என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அவளுடைய அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாவது கரு கலைந்தபோது அவளும் கணவரும் பெங்களூரில் புதிதாக வாங்கிய வீட்டுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். எந்த அறைக்கு எந்த நிறம் என்று காட்டுவதற்காக அவள் இரண்டு மூன்று முறை அங்கே போய் நின்றிருக்கிறாள். அவ்வளவுதான். கலைந்த செய்தி கேட்டு வந்த உறவினர் ஒருவர், காப்பி குடித்து முடித்த கையோடு, “பெயிண்ட் வாடையில போய் நின்னா வேற எப்படி ஆகும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் அதை அன்றே மறந்திருப்பார். தங்கை நான்கு ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்துகிறாள். இந்த முறை அவளை அழைத்துக்கொண்டு போனபோது மருத்துவரிடம் நானே அதைக் கேட்டேன். முதல் மூன்று மாதங்களுக்குள் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்கு, குரோமோசோம் எண்ணிக்கையில் தொடக்கத்திலேயே நேர்ந்துவிடும் பிழைதான் காரணம் என்றும், அந்தக் கருக்கள் தாய் எங்கே நின்றாலும் தங்குவதில்லை என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். “உங்களுடையதும் அதுதானா என்று இப்போது எவராலும் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு நாள் பெயிண்ட் வாசனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு எனக்குச் சான்று எதுவும் இல்லை” என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை தங்கை பேசவில்லை. பிறகு, “இதை யாராச்சும் அப்பவே சொல்லியிருக்கலாம்” என்றாள்.

வண்ணப்பூச்சு நிரபராதி என்று சொல்ல வரவில்லை. கரைப்பான்களின் ஆவி நிறைந்த பூட்டிய அறையில் கருவுற்றவள் நாள் முழுவதும் இருக்கலாகாது என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் மூக்குக்குத் தெரியும் புதுப்பூச்சைவிட, மூக்குக்குத் தெரியாத பழைய பூச்சுதான் பொல்லாதது. பழஞ்சுவரையும் சன்னல் கட்டையையும் உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியது சுவரில்தான் இருக்கிறது. உடம்பில் ஒருமுறை சேர்ந்த ஈயம் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து, கருவுற்ற காலத்தில் பிள்ளைக்கெனச் சுண்ணாம்புச்சத்து எலும்பிலிருந்து இறங்கும்போது கூடவே இறங்கி வரும். சிறுமியாக இருந்தபோது சுவாசித்த தூசி முப்பது வயதில் பிள்ளைக்குப் போகிறது என்றால், எந்த நாளின் எந்த வாடையை எந்த உறவினர் குறை சொல்வது?

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. தங்கை படித்துக் காட்டுகிற எதையும் அவர் ஏற்பதில்லை. “நான் அஞ்சு பெத்தேன். அஞ்சும் வெறகடுப்புப் பொகையிலதான். கண்ணு எரிய எரிய ஊதி ஊதித்தான் சமைச்சேன். எனக்கு என்ன ஆச்சு?” என்பார். ஐந்தில் தங்கியது மூன்று. ஒன்று பிறந்த ஒன்பதாம் நாளில் போனது. இன்னொன்று எடை இல்லாமல், ‘எலிக்குஞ்சு மாதிரி’ பிறந்து மூச்சுத்திணறி நாற்பது நாளில் போனது. புகையால் போயின என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்நாளில் பிள்ளை போக ஆயிரம் வழிகள் இருந்தன. ஆனால் ‘எனக்கு என்ன ஆச்சு’ என்கிற வாதத்தில் அந்த இருவருக்கும் வாக்கு இல்லை என்பதை மட்டும் நான் கவனித்துக்கொண்டேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. எழுபத்து நான்கு வயதில் ஒருத்தியிடம் போய் அந்தக் கணக்கைத் திறப்பது அறமாகாது.

புகையைப் பற்றிய நம் மரபின் எண்ணமே வேறு. அரிசில் கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் பாட்டில், புண்பட்டு வந்த வீரனைக் காக்க வீட்டில் வேம்பு செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்புகிறார்கள். புகை அங்கே காவல். பிள்ளை பெற்றவளின் ஈரத்தலைக்கும் குழந்தையின் தலைக்கும் சாம்பிராணி காட்டுகிற இன்றைய வழக்கம் அந்தக் காவலின் மிச்சம் என்றே தோன்றுகிறது. ‘நாற்றம்’ என்ற சொல்லும் நறுமணம் என்ற பொருளில்தான் பழைய நூல்களில் பெருவழக்கு. துர்வாடை என்று அது இறங்கியது பிற்காலத்தில். நம்முடைய மூக்கு காலந்தோறும் தீர்ப்பை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. தணலில் போட்ட சாம்பிராணி மணக்கிறது என்பது உண்மை. அதன் புகையிலும் விறகுப் புகையில் இருப்பது போன்ற நுண்துகள்கள் இருக்கின்றன என்பதும் உண்மை. மூடிய அறையில் தணல் வைத்தால் வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது: கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமே கிடையாது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் இரத்தத்தை அது தாயின் இரத்தத்தைவிடவும் இறுகப் பற்றிக்கொள்ளும். சாம்பிராணியை நான் நிறுத்தச் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போடுங்கள் என்றேன். “கதவத் தொறந்தா பொகை எப்படிடி நிக்கும்?” என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

கொசுவர்த்தியில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அருகில் குடியிருக்கும் எவருக்கும் திருச்சியின் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சுருளைத் தந்தவர் உவேயாமா எய்ச்சிரோ என்னும் ஜப்பானியர். ஒருவகைச் சாமந்திப்பூவின் பொடியைக் குச்சியாக உருட்டி 1890-இல் முதலில் செய்தார். குச்சி விரைவில் எரிந்துவிடுகிறதே என்றபோது, பாம்புபோல் சுருட்டிவிடலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யுகி. பெண்ணின் மதிநுட்பம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்து, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு ஈடு என்று கணக்கிட்டது. பூச்சியைக் கொல்லும் மருந்து சுருளில் சிறிதளவே. மற்றது மரத்தூளும் பசையும் சாயமும். எரிவது பெரும்பாலும் அவைதான். மறுபுறம், கருவுற்றவளுக்கு மலேரியாவோ டெங்குவோ வந்தால் அது எந்தப் புகையினும் கொடியது. ஆக, கொசுவை விரட்டாமல் இருக்கவும் முடியாது. பரணிலிருந்து பழைய கொசுவலையை இறக்கிக் கட்டினோம். நான்கு மூலைக்கு ஆணி அடிக்க வந்த தச்சர், “இதெல்லாம் இப்ப யாரும்மா கட்டுறாங்க?” என்று வியந்தார்.

நான் உண்மையிலேயே பதறியது அந்துருண்டை விஷயத்தில்தான். நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. தாத்தாவின் பழைய வேட்டி, பாட்டியின் நைந்த நூற்சேலை ஆகியவற்றைக் கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். பிள்ளை கிடப்பது அதில்தான். அழகான வழக்கம். மென்மைக்கு மென்மை, உறவுக்கு உறவு. ஆனால் அந்த வேட்டி அதுவரை எங்கே இருந்தது? டிரங்குப் பெட்டியில், வெள்ளை உருண்டைகளுக்கு நடுவில். எங்கள் அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் அவர் மறைந்த நாளிலிருந்து, ஏழு ஆண்டுகளாக, அப்படித்தான் இருந்தன. அந்துருண்டையில் பலவும் நாஃப்தலீன் என்னும் பொருளால் ஆனவை. உருகாமலேயே ஆவியாகித் துணியின் இழைக்குள் படிந்துவிடும். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளில் இக்குறை அதிகம், ஆண் குழந்தைகளிடத்தில் கூடுதல். அத்தகைய குழந்தை நாஃப்தலீன் படிந்த துணியில் கிடந்து அந்த ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். மூளையைத் தாக்கிய நேர்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தாய் முகர்ந்ததும் நஞ்சுக்கொடி வழியே போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாஃப்தலீன் உருண்டைகளின் விற்பனையையே நிறுத்திவிட்டது. நம் ஊரில் மளிகைக் கடையில் கற்பூரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சின்னப் பிள்ளை இரண்டுக்கும் வேறுபாடு அறியாது.

பெட்டியைத் திறந்து உருண்டைகளை எடுத்து எறிந்தோம். வேட்டிகளை மூன்று முறை துவைத்து, ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் போட்டேன். வாடை முற்றாகப் போனது. அம்மாவுக்கு வருத்தம். “அப்பா வாசனையும் சேர்ந்து போச்சு” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

தங்கையைச் சுற்றி இப்படி ஒவ்வொரு வாயிலாக அடைத்துக்கொண்டு வந்த நாட்களில், புரட்டாசி நடுவில், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் ஒரு காலையில் இருமிக்கொண்டே வந்தாள். கண் சிவந்து நீர் வடிந்தது. எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் அவள் வேலை செய்கிறாள். எங்களுக்கு முன் மேல்மாடியில் ஒரு வீடு. அங்கே கழிவறையில் கறை போகவில்லை என்று முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதும் போகவில்லை என்று மேலேயே ஆசிட்டை ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன் இருந்தார். “புஸ்ஸுன்னு மஞ்சப் பொகையா கெளம்புச்சு டீச்சர். நெஞ்ச அடைச்சுக்கிச்சு. அவங்க ஃபேன் போட்டுக்கச் சொன்னாங்க” என்றாள். முகம் கழுவிக்கொள்ளச் சொல்லி, கண்ணில் நிறையத் தண்ணீர் விட்டு, பால்கனியில் காற்றுப்படும்படி உட்கார வைத்தேன். மூச்சு சீராகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தலை குனிந்தபடி, “மூணு மாசம் டீச்சர். யார்ட்டயும் சொல்லல” என்றாள்.

பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் சேர்ந்தால் எழுவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மன் படை உருளை உருளையாகத் திறந்துவிட்டதும் இதுவேதான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானதால் தரையோடு தவழ்ந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கித் தங்கியது. நம்முடைய கழிவறையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான்கடிக்கு ஐந்தடி. காற்றுப்போக்கி இருப்பது தலைக்கு மேலே ஏழாவது அடியில். வாயு நிற்பது கீழே. கழுவுகிறவள் குத்துக்காலிட்டு, முகத்தைத் தரைக்கு இரண்டடி உயரத்தில் வைத்துக்கொண்டு தேய்க்கிறாள். நின்றுகொண்டு மேற்பார்வை பார்க்கிறவருக்கு இலேசான நெடி. உட்கார்ந்து தேய்க்கிறவளுக்குப் பதுங்குகுழி. கட்டடம் கட்டியவருக்கோ, காற்றுப்போக்கியின் உயரத்தை வரைந்தவருக்கோ, கழுவுகிறவள் எந்த உயரத்தில் மூச்சு விடுவாள் என்ற எண்ணம் வந்திருக்காது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு சலவை நீர் சேர்ந்தாலும் குளோரமின் என்ற இன்னொரு வாயு எழும். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினால் மூக்கைத் துளைக்கும் நெடி அதுவே. இவற்றையெல்லாம் எழுதிய அட்டை எந்தப் பாட்டிலிலும் ஒட்டப்படாமல் இல்லை. ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. மிதிவண்டியில் வந்து பழைய பாட்டிலில் ஊற்றிக்கொடுக்கும் ஆசிட்டுக்கு அதுவும் கிடையாது.

அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். முதல் இரு வகுப்புகளைத் தோழி ஒருவர் எடுத்துக்கொண்டார். குளோரின் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தோடு அங்கேயே வினைபுரிந்து அமிலமாகிவிடுவதால், அது வாயுவாகவே பிள்ளையிடம் போய்ச் சேர்வதில்லை என்று அங்கிருந்த இளம் மருத்துவர் விளக்கினார். தாயின் மூச்சு தடைபட்டு இரத்தத்தில் உயிர்வளி குறைந்தால்தான் பிள்ளைக்குக் கேடு. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார்; அளவு சரியாக இருந்தது. நெஞ்சைக் கேட்டார். அன்று முழுவதும் வைத்திருந்து மாலையில் அனுப்பினார்கள். மீண்டும் இதைச் செய்யாதே என்று அவர் சொன்னபோது அவள் தலையாட்டினாள். செய்யச் சொல்பவர்களிடம் இதைச் சொல்ல அங்கே எவருமில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். முதற் பிள்ளையின்போது ஐந்தாம் மாதத்தில் வயிறு தெரிந்ததும் இரண்டு வீடுகளில், ‘பிள்ளை பெத்துட்டு வா’ என்று நிறுத்திவிட்டார்களாம். பெற்றுவிட்டுப் போனபோது அங்கே வேறு ஆள் இருந்தாளாம். நான் அரசுக் கல்லூரி ஆசிரியை. மாநில அரசு 2021 ஜூலை முதல் எங்களுக்கு மகப்பேற்று விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது, முழுச் சம்பளத்தோடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாயின் 2017-இன் திருத்தச் சட்டம் அதை இருபத்தாறு வாரமாக்கியது. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அரசு உதவித்தொகை இருக்கிறது. 2018-இல் பதினெட்டாயிரமாக உயர்ந்தது. அதைப் பெறக் கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே பதிந்து எண் வாங்க வேண்டும். பதிவதற்கோ முதலில் வெளியே சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்று சொல்லாதிருந்தவள், சொல்லாததாலேயே அந்த வாயுவுக்கு முன் குத்தவைத்து உட்கார நேர்ந்தது. தங்கைக்கு மூக்கை மூடிக்கொள்ள நான்கு பேர் துணை. இவளுக்குத் தன் கருவை மூடிக்கொள்வதே பிழைப்பு.

இவ்வளவு எழுதிய பின் ஓர் எதிர்ச்சான்றையும் சொல்லிவிடுவது முறை. சென்னையிலுள்ள ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1,285 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, காற்றில் நுண்துகள் கனமீட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பெடை சுமார் 4 கிராம் குறைவதாகக் கண்டது. அப்படியானால் புகையை நீக்கினால் எடை கூட வேண்டும் அல்லவா? அதைச் சோதிக்க விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலுமாக 3,200 கருவுற்ற பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் இடைவிடாத உருளையும் இலவசம். மற்றவர்கள் விறகிலும் வறட்டியிலும் தொடர்ந்தார்கள். அடுப்பு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறைந்தது. 2022 அக்டோபரில் முடிவு வந்தது. ஒரு பக்கம் சராசரி எடை 2,921 கிராம், மறுபக்கம் 2,898. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னால் “நான் அப்பவே சொன்னேன்ல” என்பார். கருவுற்று மூன்று நான்கு மாதம் ஆன பின்பே அடுப்பு வந்தது காரணமா, சுற்றுப்புறத்துப் புகை மிச்சமிருந்தது காரணமா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். எனக்கோ, இத்தனை பொருட்செலவில் நடத்திவிட்டு ‘எதிர்பார்த்தது கிட்டவில்லை’ என்று அச்சிட்ட அந்த நேர்மையே பெரிதாகப் பட்டது. நம் இலக்கிய ஆய்வேடுகளில் அப்படி ஒரு முடிவை நான் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டு இரசாயனங்களைப் பொறுத்தும் நிலை இதுவே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991-92-இல் கருவுற்றிருந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய நெடும் ஆய்வில், கிருமிநாசினி, சலவை நீர், டர்பன்டைன், பூச்சிக்கொல்லி, அறைமணமூட்டி உள்ளிட்ட பதினொரு பொருட்களை எவ்வளவு புழங்கினார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். மிக அதிகம் புழங்கியவர்களின் குழந்தைகளுக்கு, பள்ளி செல்லும் வயதுக்கு முன் ஓயாத இளைப்பு கூடுதலாக இருந்ததாக 2005-இல் எழுதினார்கள். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன. ஒன்றால் மற்றது என்று அதிலிருந்து தீர்த்துச் சொல்ல இயலாது. ஆயிரக்கணக்கான பேரில் தெரியும் சாய்வை ஒருத்தியின் தலையில் தீர்ப்பாக எழுதவும் முடியாது. இதைத் தங்கைக்குப் புரியவைக்கத்தான் எனக்கு நாள் பிடித்தது. காப்பி குடித்துவிட்டுப் போன உறவினருக்குப் புரியவைக்க நான் முயலவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது கழிவறைக்குச் சோப்புத்தூளும் கட்டைத் தேய்ப்பானும் மட்டும். கறை இருக்கிறது. விருந்தினர் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். அடுக்ககச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ‘பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர், உயிருக்கு ஆபத்து’ என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன். மூன்றாம் நாள் அதன்மேல் தண்ணீர் லாரிக் கணக்கை ஒட்டியிருந்தார்கள்; அதற்குப் பக்கத்தில் மீண்டும் ஒட்டினேன்.

தங்கைக்கு இது முப்பத்து நான்காம் வாரம். அந்தப் பெண்ணுக்கு ஐந்து முடிகிறது. பதிந்து எண் வாங்கிவிட்டோம். மசக்கை இன்னும் விடவில்லை. ஃபினாயில் நெடி அவளை ஒன்றும் செய்வதில்லை என்கிறாள். அம்மா தலையில் வைத்திருக்கும் மல்லிகைதான் குமட்டுகிறதாம். மேல்மாடி வீட்டு வேலையை விட்டுவிட்டாள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு குறைகிறது; அதில் ஒரு பகுதியை நாங்கள் ஈடுசெய்கிறோம், முழுவதையும் அல்ல. அந்த வீட்டுக்கு இப்போது வேறொரு பெண் காலையில் படியேறிப் போகிறாள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.